சிக்கு விழுந்த சனிக்கிழமைகள்

“இது உங்களுக்கு வேண்டாம் சார்.”

விற்பதற்காக உட்கார்ந்திருப்பவள் சொல்லக்கூடாத வார்த்தைதான். ஆனால் வாய் முந்திக்கொண்டது... மழைக்கு ஒதுங்கியவன் மாதிரி உள்ளே வந்தவன், மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து நின்றான். கடையில் எதுவுமே அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது. அப்படியும் விரல் மட்டும் நேராகப் போய் அலமாரியில் இருந்த, தூண்டில் நூல் சுற்றும் பெய்ட்காஸ்டிங் ரீலைக் காட்டியது.

அது தூண்டில் சாமான் கடை. விற்பனைக்கு முன்பக்கம் அப்பா. ஜன்னலோர ரிப்பேர் மேஜையில் அவள். ஏரியில் பாஸ் மீன் பிடிக்கிறவர்களில் அவள் கைபடாத ரீல் வைத்திருப்பவர் யாருமில்லை. அன்று அப்பா பல் டாக்டரிடம் போயிருந்ததால் இரண்டு வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது.

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். நனைந்த இமைகளோடு, எதிரே நிற்பது யாரென்று தெரியாமல், ஆனாலும் மரியாதையாகச் சிரிக்க முயன்ற கண்கள்... ஒரு நொடி அவளுக்கு எந்த ரீலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோனது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தவன் பளிச்சென்று சிரித்துவிட்டான்.

“என்ன சிரிப்பு?”

“ஒரு கண்ணு சின்னதா இருக்கு, இன்னொண்ணு பெருசா இருக்கு. எந்தக் கண்ணைப் பார்த்துப் பேசறதுன்னு தெரியல.”

வலது கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகியபடியே எழுந்து வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. சட்டென்று பிடுங்கிப் பையில் போட்டாள். அதோடு விட்டானா... அந்த லென்ஸில் கீறல் விழுந்திருக்கிறது, கண்ணுக்குக் கெடுதல் என்று வேறு சொன்னான். அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறானாம். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வந்த இடத்தில் வைத்தியம் பார்க்கிறாராம்.

அதனால் கொஞ்சம் விறைப்பாகவே விளக்கினாள். ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் அசையாமல் நிற்கும். நூல் அதன் பாட்டுக்கு உருவிக்கொண்டு போகும். லேசான இரையையும் தூரமாக வீசலாம், காற்றடித்தாலும் சமாளிக்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் தோது. பெய்ட்காஸ்டிங்கில் ஸ்பூலே சுழலும். கனமான இரையைச் செடி கொடிகளுக்கு நடுவே குறிவைத்துப் போட அதை அடிக்க ஆளில்லை. ஆனால் இரை தண்ணீரைத் தொடும் நேரத்தில் கட்டைவிரல் ஸ்பூலைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு கணம் தப்பினால் நூல் மொத்தமும் சுருண்டு சிக்காகிவிடும்.

அவன் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டான். கேட்டுவிட்டு மறுபடியும் அதே ரீலையே காட்டினான். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏரிக்குப் போகும் அவனுடைய அத்தான், ஸ்பின்னிங் ரீல் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று அக்காவின் முன்னால் கேலி செய்துவிட்டாராம். இனி மானப் பிரச்சினையாம்.

“வாங்கிட்டுப் போங்க,” என்றாள் அவள். “சிக்கோட என்கிட்டதான் வருவீங்க.”

“வரவே மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனான். ஆறு நாள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் வந்தான். காகிதப் பையிலிருந்து ரீலை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த மீன் படங்களை ரொம்ப அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினான். ஸ்பூலில் நூல் இருப்பதே தெரியாத அளவுக்குச் சிக்கு. அவள் ரீலைத் தன் பக்கம் இழுத்தாள். சிரிக்காமல் இருப்பதற்கே உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சிக்கெடுக்க ஒரு மணி நேரமானது. அந்த ஒரு மணி நேரமும் அவன் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான். கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையைத் தப்பாகப் படித்தால் அவமானம் என்று மனப்பாடம் செய்துகொண்டு வரும் பெரியவர்களைப் பற்றி, ஜோடிப் பொருத்தமாக இருக்க வேண்டுமென்று பவரே இல்லாமல் கண்ணாடி கேட்கும் கல்யாணப் பெண்களைப் பற்றி... அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கை நடுங்கியது. நடுங்கும் கையோடு எப்படிச் சிக்கெடுப்பது? அதனால்தான் ஒரு மணி நேரம். இல்லாவிட்டால் பத்து நிமிட வேலை.

அடுத்த சனிக்கிழமையும் வந்தான். கீறலில்லாத புது லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். பதிலுக்கு அவள் அவனைக் கடையின் பின்சந்துக்கு அழைத்துப் போய், நூல் நுனியில் ஈயக் குண்டு கட்டும் முடிச்சைச் சொல்லிக்கொடுத்து, வாளி ஒன்றைத் தூரத்தில் வைத்து வீசச் சொன்னாள். அவன் கட்டைவிரலின் மேல் தன் கட்டைவிரலை வைத்து, இங்கே விட வேண்டும், இங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினாள். காட்டி முடித்த பிறகும் விரலை எடுக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை அவன் வீசிய ஈயக் குண்டு மூன்று தடவையும் வாளிக்குள்ளேயே விழுந்தது. அவன் குதிக்காத குறைதான். அவளும் கைதட்டினாள்... ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். கற்றுக்கொண்டுவிட்டான். இனிமேல் சிக்கு விழாது. இனிமேல் எதற்கு வரப்போகிறான்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வகை ரீலின் பக்கவாட்டில் ஒரு திருகு உண்டு. அதை இறுக்கினால் ஸ்பூல் அடங்கிச் சுழலும், தளர்த்தினால் தறிகெட்டு ஓடிச் சிக்கு விழும். ரிப்பேர் முடிந்ததும் அதைச் சரிபார்த்துத் தருவதுதான் கடைசி வேலை. அந்த மேஜையை விட்டுப் போகிற ரீல் சரியாகப் போக வேண்டும் என்பது அவள் அப்பாவின் சட்டம். இத்தனை வருடத்தில் அவள் ஒருநாளும் அதை மீறியதில்லை.

அன்று ரீலைப் பையில் போடும்போது அவள் விரல் அந்தத் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தியது. யாரும் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவன் சிக்கோடு வந்து நின்றபோது, செய்த தப்புக்கு வருத்தப்படுவதற்குப் பதிலாக அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் அது வாராவாரம் நடந்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவனுடைய அத்தான் தூண்டில் முள் வாங்க வந்தார். வாய் ஓயாத மனிதர். மச்சான் புராணத்தை எடுத்துவிட்டார்.

“பய பிரமாதமா வீசறான்ம்மா. ஒரு மாசமா ஒரு சிக்கு கிடையாது. என்ன, இங்கேருந்து சர்வீஸ் ஆகி வர்றப்போ மட்டும் அந்தச் சைடு திருகு லூசா இருக்கும். முதல் தடவை நான்தான் பார்த்து டைட் பண்ணிக் குடுத்தேன். இப்ப அவனே பண்ணிக்கறான்.”

சில்லறை எடுத்துக்கொண்டிருந்த அப்பாவின் கை ஒரு கணம் நின்றது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மாதமாகச் சிக்கே இல்லையென்றால், வாராவாரம் தான் எடுப்பது என்ன?

மறுநாள் சாயங்காலம் அவன் வழக்கம்போலப் பையோடு வந்தான். வழக்கம்போல ஒரு சிக்கு. அவள் லென்ஸைக் கண்ணில் செருகி, முதல் முறையாகச் சந்தேகத்தோடு பார்த்தாள். ஓடுகிற ஸ்பூல் வளையம் வளையமாகச் சுருட்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அமுக்கும். ஆனால் அதற்கு முடிச்சுப் போடத் தெரியாது. அடியில் கச்சிதமாக ஒரு முடிச்சு இருந்தது... பின்சந்தில் அவள் சொல்லிக்கொடுத்த அதே முடிச்சு.

நெஞ்சு ஒரு தடவை துள்ளியது. தன்னைப் பார்க்க வருவதற்காக, வீட்டில் உட்கார்ந்து இவன் நூலைச் சிக்காக்கியிருக்கிறான். அடுத்த நொடியே இன்னொன்றும் புரிந்தது. அப்படியானால் திருகு விஷயமும் இவனுக்குத் தெரியும். இத்தனை வாரமும் தெரிந்துகொண்டேதான் எதிரே உட்கார்ந்து சிரித்திருக்கிறான். பக்கத்தில் அப்பா வேறு நின்றார். வெட்கம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தபோது அது கோபமாக மாறியிருந்தது.

“இது கையால போட்ட முடிச்சு. என் வேலை உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?”

அவன் திருதிருவென விழித்தான். பதிலுக்குத் திருகைப் பற்றி அவன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். உதடு பிரிந்தது. அவன் பார்வை அவள் அப்பாவிடம் போய்த் திரும்பியது. வாயை மூடிக்கொண்டான்.

அவள் அலமாரியிலிருந்து ஒரு ஸ்பின்னிங் ரீலை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். “பதிலுக்கு இதை எடுத்துக்கங்க. இதுல சிக்கு விழாது. இனிமே நீங்க அலைய வேண்டியதில்ல.”

“சரிங்க,” என்றான். அவ்வளவுதான். குடையை விரிக்காமலே மழையில் இறங்கிப் போனான்.

பழுதாகாத சாமானைக் கொடுத்து அனுப்பினால் வாடிக்கையாளர் திரும்பி வர மாட்டார் என்பது அவளுக்குத் தெரியாததா... அடுத்த சனிக்கிழமை கதவு திறந்தபோதெல்லாம் நிமிர்ந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமை, நிமிரக்கூடாது என்று வைராக்கியமாக உட்கார்ந்து, அப்படியும் நிமிர்ந்தாள். அவனுடைய பழைய ரீல் மேஜை ஓரத்தில் கிடந்தது. முடிச்சை அவிழ்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், திருகு தானாகத் தளருமா என்று. அவள் பொய் சொல்ல முயன்றாள். வரவில்லை. அழுகைதான் வந்தது.

“நான்தான்ப்பா... அவர் மறுபடி வரணும்னு...”

அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

“உனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருந்தா அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா நம்ம மேஜையிலேர்ந்து ரீலைக் கெடுத்து அனுப்பினது தப்பு. பெரிய தப்பு. அன்னிக்கு என் முன்னாடி அவர் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லல. உன்னைக் காட்டிக் குடுக்காம, திட்டை வாங்கிட்டுப் போனார். முதல்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா.”

வாயை மூடிக்கொண்டு அவன் நின்ற அந்தக் கணம் இப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. எப்படிப்பட்டவனை அனுப்பிவைத்துவிட்டோம்...

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரியில் தூறல். தண்ணீரெங்கும் பொட்டுப் பொட்டாக வளையங்கள். மரப் படித்துறையின் கோடியில் அவன் தனியாக நின்றான். அத்தான் படகில் தூரமாகப் போயிருந்தார். ஸ்பின்னிங் ரீலில் நூலை ஆள்காட்டி விரலால் பிடித்து விட வேண்டும். அவன் கட்டைவிரலோ, பழகிய இடத்தில் ஸ்பூலைத் தேடிக்கொண்டிருந்தது. இரை கையை விட்டுத் தாறுமாறாகக் கிளம்பி, நாலடி தள்ளித் தொப்பென்று விழுந்தது. அதைப் பார்த்ததும், வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு அவளுக்குச் சுத்தமாக மறந்துபோனது.

“அந்தத் திருகை நான்தான் தளர்த்தினேன்,” என்றாள் அவன் முதுகைப் பார்த்து. “வாராவாரம்.”

அவன் திரும்பினான். கண்ணாடியெல்லாம் மழைத்துளி.

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொன்னா நிறுத்திடுவீங்கள்ல.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பழைய ரீலை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இதற்கு மேல் தயங்கினால் ஆயுசுக்கும் சொல்ல முடியாது என்பதுபோல மளமளவென்று சொன்னாள். “அன்னிக்குக் கோபம் உங்க மேல இல்ல... மாட்டிக்கிட்டேனேன்னு வெட்கம். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனாலதான் அப்படிச் செஞ்சேன். மன்னிச்சிடுங்க.”

அவன் தூண்டில் கம்பைப் படித்துறையில் சாய்த்து வைத்தான். கண்ணாடியைக் கழற்றினான்.

“ரெண்டு சனிக்கிழமையும் உங்க கடை வாசல் வரைக்கும் வந்தேன்,” என்றான் மெல்ல. “திரும்பிப் போயிட்டேன். எனக்கும் அதேதாங்க... முதல் நாள்லேர்ந்தே. ஆனா கையில ஒரு சிக்குகூட இல்லாம என்ன சொல்லி உள்ள வர்றது?”

“சும்மா வாங்க.”

“சும்மா வந்தா உங்கப்பா, என்ன வேணும்னு கேப்பாரே?”

தூறல் வலுத்தது. அவள் நிமிர்ந்து, கண்ணாடி இல்லாத அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். அவளைத் தெளிவாகப் பார்க்க அவன் இன்னும் ஓரடி நெருங்கி வந்தான்.

“கேட்டா சொல்லுங்க,” என்றாள். “உங்க பொண்ணுதான் வேணும்னு.”