நுரை மூடிய வழி

கருவைத்திடல் ஊரில் அப்போதெல்லாம் கண் விழித்ததும் யாரும் காலைத் தரையில் வைக்கமாட்டார்கள். உயரக் கட்டிலில் இருந்தபடியே, கயிற்றில் கட்டிய விளக்கைக் கீழே இறக்குவார்கள். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பழைய எண்ணெய்க் கிணறுகளுக்குள் ஊர் உலகத்துப் புகையையெல்லாம் செலுத்திய காலம் அது. உள்ளே போகும் கரிவளி, அதாவது கார்பன் டை ஆக்சைடு, மிச்ச எண்ணெயைத் தள்ளிவிட்டு அங்கேயே அடங்கிக் கிடக்கும் என்பது ஏற்பாடு. அது எங்கே சொன்ன பேச்சைக் கேட்டது? பாறையில் அகலமான வெடிப்பாகப் பார்த்து ஓடி, மேலே கசிந்து, காற்றைவிடக் கனமாதலால் தரையோடு தேங்கி, விளக்கையும் மூச்சையும் அணைத்தது.

அந்த வெடிப்புகளை நுரையால் அடைப்பது டெல்ஃபினின் வேலை. சோப்பு நீரையும் வளியையும் சேர்த்து அனுப்பினால் பாறைக்குள் நுரை கட்டி வழி மறிக்கும். பிள்ளைகள் தரையில் விளையாட வேண்டும் என்று ஊரே கெஞ்சியது. அவளும் நுரையின் அளவைக் கூட்டினாள். விளக்கு அணைவது நின்றது. சனங்கள் கட்டில்களை விற்றுவிட்டுப் பாய் விரித்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தெற்கே தாழையடியில் வாழ்க்கைப்பட்ட தங்கை பெர்னாவிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலை பெர்னா போனில் வந்தாள். கோழிகள் கூண்டோடு செத்துக் கிடக்கின்றனவாம், ஏதோ சீக்காம். கூண்டு எங்கே என்று டெல்ஃபின் கேட்டாள். மூடிப்போன பழைய எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் என்றாள் தங்கை. டெல்ஃபினுக்கு விளங்கிவிட்டது. இங்கே மறித்த வளி அங்கே வழி பிடித்திருந்தது. தாழையடியில் விளக்கு இறக்கும் வழக்கமே இல்லை. பெர்னாவோ பச்சை உடம்புக்காரி, கைப்பிள்ளையோடு பாயில்தான் படுக்கிறாள்.

நுரையை அனுப்பும் பம்பை நிறுத்தப் போனவளை உடன் வேலை பார்க்கும் இதயராஜ் தடுத்தான்.

"நிறுத்தினா மறுபடி நம்ம ஊருக்குத்தான் வரும். கட்டிலக்கூட வித்துட்டாங்க."

"நம்ம சனத்துக்கு இது பழக்கம். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, இதயராஜ்."

நிறுத்திவிட்டாள். ஆனால் பாறைக்குள் கட்டிய நுரை உடனே உடைந்துவிடாது. அதுவரை வளி தெற்கேதான் போகும். தங்கையை அழைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறச் சொன்னாள், தெருவையே எழுப்பச் சொன்னாள்.

"எத்தன நாளைக்குக்கா?"

"தெரியலடி. நான்தான் அங்க திருப்பி விட்டுட்டேன்."

பெர்னா பிள்ளையோடு படியேறும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கெணத்தடி வீட்டுல இன்னும் யாரும் கதவத் தொறக்கலக்கா."