கர்ணன் கடலில் விழுந்த கதை

ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு சுருளியாண்டிக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். துப்பறிவதில் தனக்கும் பங்கு வேண்டும் என்று மச்சினன் பொன்னுராஜ் அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் தேவதானப்பட்டியிலிருந்து சந்தனம்மாள் அல்லிநகரத்துக்கு அவரைத் தேடி வந்து சேர்ந்தாள்.

அவள் கணவன் கர்ணன் பம்பாயில், கடற்படையின் சின்ன இழுவைக் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவன். அவன் கடலில் விழுந்து செத்துவிட்டான் என்று, கூட வேலை பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு கருத்தக்கண்ணன் என்ற கம்பத்துக்காரன் வந்திருந்தான். கர்ணனின் தகரப் பெட்டியையும் சாவியையும் கொடுத்திருந்தான். சர்க்கார் தந்தி வரவில்லை. யுத்தகாலம், தாமதமாகும் என்றான். ஊர் நம்பிவிட்டது.

"நாளைக்குக் கருமாதி வச்சிருக்காக. தாலிய வாங்கிருவாக," என்றாள். "அவுக அரைஞாண்ல எந்நேரமும் தொங்குற சாவி கைக்கு வந்த பெறகும் எனக்கு மனசு ஒப்பல."

தேவதானப்பட்டிக்கு பஸ்ஸில் போகும்போதே பொன்னுராஜ் மூன்று கொலைகாரர்களைக் கண்டுபிடித்துவிட்டான். சுருளியாண்டி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பந்தலில் கருத்தக்கண்ணன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கேட்டதும் கதையைத் திரும்பச் சொன்னான். கப்பலில் ஏழு பேர். பின்னால் பழுதான பெரிய கப்பலைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போனார்கள். நல்ல தண்ணீர் குடிக்க மட்டும், ஆளுக்கு ஒரு குவளை. குளிக்கக் கடலில்தான் வாளி விட்டு மொள்ள வேண்டும். கர்ணன் உச்சி முதல் உள்ளங்கால் வரை சோப்பு நுரையோடு நின்றானாம். நுரை கண்ணில் பட்டது, கப்பல் சாய்ந்தது, வழுக்கி விழுந்தான், உடல் கிடைக்கவில்லை.

சுருளியாண்டி ஒரு வாளித் தண்ணீரில் கல்லுப்பைத் தாராளமாகக் கரைக்கச் சொன்னார். சோப்பை அவன் கையில் கொடுத்தார். கருத்தக்கண்ணன் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். சோப்பு திரிதிரியாகத் திரிந்ததே தவிர நுரை வரவில்லை.

"முல்லையாத்துல குளிச்சவன் கட்டுன கதை இது," என்றார். "நான் தூத்துக்குடியில வேலை பாத்தவன்ப்பா. நீ கப்பல்ல ஏறவே இல்ல."

"அப்ப இவந்தான் கொன்னுருக்கான் மாமா," என்றான் பொன்னுராஜ்.

"நீ கொஞ்சம் வாய மூடுறயா? குளிக்கையில விழுந்தவன் இடுப்புச் சாவி கரைக்கு எப்படி வந்துச்சு? கர்ணனேதான் அவுத்துக் குடுத்திருக்கான்."

கருத்தக்கண்ணன் அதற்குமேல் தாங்காமல் உண்மையைக் கக்கிவிட்டான். பம்பாய்த் துறைமுகத்துக் காப்பிக்கடையில் எச்சில் மேசை துடைப்பவன் அவன். கர்ணன் அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். சந்தனம்மாள் தேடி வராமலிருக்க, செத்துவிட்டதாகச் சொல்லும்படி பெட்டியைக் கொடுத்து அனுப்பியதும் அவன்தான்.

ஆள் உயிரோடு இருக்கிறானே, அதுவே போதும் என்று பெண்கள் சந்தனம்மாளைத் தேற்றினார்கள். கருமாதிக்கு வாங்கிய சாமான்களை யாரோ எடுத்து வைக்கத் தொடங்கினார்கள்.

"எடுக்காதீக," என்றாள் சந்தனம்மாள். "கருமாதி நடக்கட்டும். தாலிய நானே கழட்டித் தாரேன். பொட்டுல மட்டும் யாரும் கை வைக்காதீக."