பேய் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த திடலில் கேளிக்கைச் சந்தை வந்து இறங்கியது. அன்றிலிருந்து கன்னையாவின் வாயில் வேறு பேச்சே இல்லை.

“அக்கா, பேய் வண்டிக்கு எப்ப போறோம்?”

பல் தேய்க்கும்போது கேட்டான். பள்ளிக்கூடம் போகும் வழியில் கேட்டான். தூக்கத்தில்கூட ஒருமுறை கேட்டானாம். அம்மா சொன்னார்.

அது 1936ஆம் ஆண்டு. குவார்ட்டர்ஸ் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான். திடலிலோ சிவப்பும் பச்சையுமாக மின்விளக்குகள் எரிந்தன. லோரியில் ஏற்றி வந்த ஒரு பெரிய இயந்திரம் ‘டம் டம்’ என்று ஓடி அவற்றுக்கு மின்சாரம் கொடுத்தது. குதிரை ராட்டினமும் வளையம் எறியும் கடையும் இருந்தன. ஆனாலும் கூட்டமெல்லாம் பேய் வண்டிக்குத்தான்.

அது கறுப்புச் சாயம் பூசிய ஒரு பலகைக் கொட்டகை. முன்பக்கம் பெரிய மண்டை ஓடு வரைந்திருந்தது. அதன் வாய்தான் கதவு. இரண்டு பேர் உட்காரும் குட்டி வண்டி ஒன்று தண்டவாளத்தில் வந்து நிற்கும். ஏறினால் மண்டை ஓடு விழுங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கதவு வழியாக வெளியே துப்பிவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா இருவரையும் அனுப்பிவைத்தார்.

“பவுனு, தம்பி கைய விட்டுடாத.”

பவுனம்மாளுக்குப் பத்து வயது. கன்னையாவுக்கு ஏழு. ஆளுக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு இருவரும் வரிசையில் நின்றார்கள்.

வரிசை நேராகப் போகவில்லை. கம்புகள் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு நடுவே இப்படிப் போய், திரும்பி, அப்படி வந்து, மறுபடியும் திரும்ப வேண்டும். கடைசித் திருப்பத்தில் கொட்டகையின் பலகைச் சுவரை ஒட்டியே நடக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் கத்துவது காதிலேயே விழும்.

முதல் திருப்பத்தில் கன்னையா குதித்துக்கொண்டே வந்தான்.

“பேயப் பாத்தா நான் ஒரு குத்து விடுவேன்!”

இரண்டாவது திருப்பத்தில், “பேய் பெருசா இருக்குமாக்கா?” என்று கேட்டான்.

சுவருக்குப் பக்கத்தில் வந்தபோது அவன் ஒன்றுமே கேட்கவில்லை. உள்ளே யாரோ, “ஐயோ அம்மா!” என்று அலறினார்கள். கன்னையா அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டான்.

வாசலில் ராதாகிருஷ்ணன் என்ற இளைஞர் நின்றிருந்தார். ஆட்களை ஏற்றிவிடுவது அவருடைய வேலை. உட்கார வைப்பார், மடிக்கு முன்னால் இரும்புக் கம்பியைச் சாத்துவார், காத்திருப்பார். முந்தின வண்டி உள்ளே பாதி தூரம் போனதும் அவர் தலைக்கு மேல் ஒரு மணி அடிக்கும். அதன் பிறகுதான் அடுத்த வண்டியை விடுவார்.

“வா தம்பி, ஏறு!”

கன்னையா ஏறவில்லை. கயிறு கட்டியிருந்த கம்பை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

“நான் வரல!”

“வாடா, நான்தான் கூட இருக்கேன்ல?” என்றாள் பவுனம்மாள்.

“வரல வரல வரல!”

பின்னால் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். “என்ன அங்க? சீக்கிரம் போங்கப்பா!”

இதற்குள் உள்ளே போயிருந்த வண்டி சுற்றிவிட்டு வந்தது. அதே தண்டவாளத்தில் வாசலில் ஒரு வண்டி காலியாக நின்றதால் அதற்கு வெளியே வர இடமில்லை. அதற்குப் பின்னால் வந்த வண்டி இருட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதிலிருந்தவர்கள் இப்போது நிஜமாகவே கத்தினார்கள்.

“தவுக்கே! தவுக்கே!” என்று ராதாகிருஷ்ணன் கூப்பிட்டார்.

சந்தையின் முதலாளி ஓடி வந்தார். குட்டையான சீனர். எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். ஈப்போவில் தமிழர்களோடு வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாக வரும்; இடையிடையே ‘லா’ மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். அவர் கன்னையாவைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

“மறுபடியுமா? தினமும் இதே கதை லா! ஒரு பிள்ளை நின்னா எல்லா வண்டியும் நிக்குது. நாளையிலேருந்து சின்னப் பிள்ளைங்களுக்கு இடமில்ல. ராதா, பலகையில எழுதி மாட்டிடு!”

வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாருக்கும் அது கேட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளில் பாதிப் பேர் நாளைக்குத்தான் வருவதாக இருந்தார்கள்.

“எல்லாம் இவனாலதான்!” என்று வரிசையின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அது பக்கத்து வீட்டு நாகையா. பன்னிரண்டு வயது. தங்கை நல்லம்மாளோடு நின்றிருந்தான்.

கன்னையாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

பவுனம்மாள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பிலிருந்து எடுத்தாள். கயிற்றுக்குக் கீழே குனிந்து அவனை வெளியே கூட்டிப்போனாள். ராதாகிருஷ்ணனின் சாப்பாட்டுத் தூக்கு வைத்திருந்த ஒரு பெஞ்சு பக்கத்தில் இருந்தது. அதில் உட்கார வைத்தாள். வரிசை மறுபடியும் நகர்ந்தது.

“அக்கா, நாளைக்கு எல்லாரும் என்னைத் திட்டுவாங்க,” என்று தேம்பினான் கன்னையா.

“உனக்கு எதுக்குப் பயம்? பேய்க்கா?”

கன்னையா யோசித்தான். “உள்ள என்ன இருக்குன்னு தெரியல. அதுக்குத்தான்.”

பவுனம்மாளுக்கும் அதே பயம்தான். தம்பியிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் தன் சீட்டைப் பார்த்தாள். மண்டை ஓட்டைப் பார்த்தாள்.

“நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வந்து உனக்குச் சொல்றேன். இங்கேயே உக்காரு.”

“அண்ணே, நான் போலாமா?” என்று அவள் கேட்டதும் ராதாகிருஷ்ணன் சிரித்தார். “சீட்டு இருக்குல்ல? ஏறு தங்கச்சி!”

மணி அடித்தது. வண்டி கிளம்பியது.

வண்டியின் மூக்கு கதவைத் ‘தடால்’ என்று முட்டித் திறந்தது. பின்னால் கதவு தானாகவே மூடிக்கொண்டது. கும்மிருட்டு. பவுனம்மாள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். வண்டி சட்டென்று ஒரு பக்கம் திரும்பியது. ஈரமாக ஏதோ அவள் முகத்தைத் தடவிக்கொண்டு போனது. அவளும் கத்தினாள்.

அப்போது சக்கரத்துக்குக் கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. உடனே, “ஊஊஊ!”

இன்னொரு திருப்பம். மறுபடியும் ‘டக்’. மறுபடியும் ஒரு ஊளை.

பவுனம்மாளின் பயம் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. அந்த இடத்தில் யோசனை வந்து உட்கார்ந்தது. ‘அது என்ன, முதல்ல டக், அப்புறம்தான் ஊளை?’

அவள் ஒரு கண்ணைத் திறந்து காத்திருந்தாள். தண்டவாளத்தின் ஓரத்தில் ஓர் இரும்புத் தகடு நீட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் அதை மிதித்தது. டக்! சிவப்பு விளக்கு எரிந்து ஓர் எலும்புக்கூடு எழுந்து நின்றது. அதன் தாடை கழன்றுவிடாமல் இருக்கத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டியிருந்தார்கள். முகத்தில் தடவியது வேறொன்றுமில்லை, மேலே கட்டித் தொங்கவிட்ட ஈர நூல்.

வண்டி மறுபடியும் திரும்பியபோது பலகை இடுக்கு வழியாகப் பச்சை விளக்கு ஒன்று தெரிந்தது. இதே விளக்கை அவள் முந்தின திருப்பத்திலும் பார்த்திருந்தாள்! ‘அட, கொட்டகை சின்னதுதான். பாதையைத்தான் ஜிலேபி மாதிரி சுத்தி வெச்சிருக்காங்க!’

எலும்புக்கூட்டுக்கு முதுகுப் பக்கமாக, சுவருக்கு வெளியே ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: “கச்சாங் பூத்தே! சுடச்சுடக் கச்சாங் பூத்தே!”

பேய்களுக்கு நடுவே கடலைக்காரர் குரல்! பவுனம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வண்டி வெளியே வந்தபோதும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்த் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவு, நூல், டக், தாடையில் கட்டிய கயிறு, கடலைக்காரர் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“வெறும் நூலா?” கன்னையா மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“நூலேதான்.”

அந்த நேரம் வாசலில் மறுபடியும் சத்தம். நாகையாவின் முறை வந்திருந்தது. அவன் தங்கை நல்லம்மாள் அதே கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மானத்த வாங்காத புள்ள, ஏறு!” என்று நாகையா பல்லைக் கடித்தான். நல்லம்மாள் அசையவில்லை.

தவுக்கே தூரத்திலிருந்து வேகமாக வருவது தெரிந்தது. பவுனம்மாள் எழுந்து ஓடினாள்.

“நாகையாண்ணே, நீங்க ஏறிப் போங்க. இவ கொஞ்ச நேரம் எங்களோட உக்காந்திருக்கட்டும். வண்டி நிக்க வேணாம்.”

நல்லம்மாள் பெஞ்சுக்கு வந்தாள். நாகையாவுக்குப் பக்கத்தில் வரிசையிலிருந்து இன்னொருவர் ஏறிக்கொண்டார். மணி அடித்தது. தவுக்கே வந்து சேர்ந்தபோது அங்கே திட்டுவதற்கு ஒன்றுமில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

பெஞ்சில் கன்னையா பெரிய மனிதனைப் போலப் பேசிக்கொண்டிருந்தான்.

“உள்ள டக்குன்னு ஒரு சத்தம் வரும் நல்லம்மா. அப்பத்தான் பேய் வரும். டக்கு வராம பேய் வரவே வராது.”

“நெசமாவா?”

“எங்கக்கா பாத்துட்டு வந்துச்சு. நீ வரியா? டக்கு வந்ததும் நான் உனக்குச் சொல்றேன்.”

நல்லம்மாள் மண்டை ஓட்டைப் பார்த்தாள். பிறகு கன்னையாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். “சரி.”

ராதாகிருஷ்ணன் தவுக்கேயின் முகத்தைப் பார்த்தார். தவுக்கே தலையசைத்தார். இருவரும் ஏறினார்கள், கம்பி சாத்தப்பட்டது, மண்டை ஓடு விழுங்கியது.

பவுனம்மாள் பலகைச் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். முதலில் கன்னையாவின் குரல்: “டக்கு வந்துருச்சு!” அடுத்ததாக இரண்டு பேரின் அலறல். உடனே சிரிப்பு. மறுபடியும் “டக்கு!” மறுபடியும் அலறல், அதைவிடப் பெரிய சிரிப்பு.

வண்டி வெளியே வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு போன கன்னையாவுக்குத்தான் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

“அக்கா! இன்னொரு வாட்டி!”

தவுக்கே பவுனம்மாளிடம் வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கவலை இருந்தது.

“பாப்பா, உள்ள இருக்கிற ரகசியத்தையெல்லாம் சொல்லிட்டா, அப்புறம் யாரு லா வருவா? கத்தல்தான் என் வியாபாரம். அந்தக் கத்தல் கேக்கணும்னுதான் வரிசையையே சுவர ஒட்டி விட்டிருக்கேன்.”

பவுனம்மாளிடம் அதற்கும் ஒரு யோசனை இருந்தது.

“எல்லாத்தையும் சொல்ல வேணாம் தவுக்கே. டக்குன்னு சத்தம் வரும், அதுக்கப்புறம் ஒன்னு வரும்னு மட்டும் சொல்லலாம். என்ன வரும்னு சொல்ல வேணாம். எப்ப வரும்னு தெரிஞ்சா ஏறிடுவாங்க. என்னன்னு தெரியாததால கத்திடுவாங்க.”

தவுக்கே அவளையே பார்த்தார்.

“அப்புறம், பயந்தவங்கள வரிசையிலேயே நிக்க வெச்சா எல்லாருக்கும் கஷ்டம். இந்த பெஞ்சில கொஞ்ச நேரம் உக்காரட்டும். பயம் போனதும் ஏறட்டும். மறுபடியும் கடைசியில போய் நிக்கச் சொல்லாதீங்க. அவங்கதான் ஏற்கெனவே நின்னுட்டு வந்தாங்களே?”

“பயம் போகலன்னா?”

“போகலன்னா அதே சீட்டுக்கு ராட்டினத்துல ஏத்திவிட்டுடுங்க.”

ராதாகிருஷ்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தவுக்கே ‘ம்ம்ம்’ என்று நீளமாக முனகினார். பிறகு கேட்டார்.

“நாளைக்குச் சாயங்காலம் வந்து அந்த டக்கு விஷயத்தச் சொல்ல முடியுமா?”

“கேட்டியா அக்கா!” என்று கன்னையா குதித்தான். “அந்த வேலைய நான் செய்றேன்!”

ஞாயிற்றுக்கிழமை வாசலில் எந்தப் பலகையும் மாட்டப்படவில்லை. சுவர் ஓரத்தில் பெஞ்சுக்குத் தனியாக ஒரு சின்னக் கயிறு கட்டியிருந்தார்கள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். கம்பைப் பிடித்தவர்களையெல்லாம் நாகையாவே பெஞ்சுக்குக் கூட்டிவந்து விட்டான். கன்னையா அவர்களுக்குச் சொல்லி அனுப்பினான். எலும்புக்கூடு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வரும். அக்காவைப் பார்ப்பான், விழுங்கிக்கொள்வான். அன்று ஒரு வண்டிகூட இருட்டில் நிற்கவில்லை. கத்தலுக்கும் குறைவில்லை.

இருட்டத் தொடங்கிய நேரம் பெஞ்சு காலியாக இருந்தது. ஒரு பெரிய நிழல் வந்து அதன்மேல் விழுந்தது. பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சந்தையின் மறுகோடியில் வெறும் கையால் இரும்புக் கம்பியை வளைத்துக் காட்டும் பயில்வான் பக்கிரிசாமி. மீசை காதுவரை முறுக்கியிருந்தது. கையில் ஒரு சீட்டு.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். மெதுவாகக் குனிந்தார்.

“தங்கச்சி, இந்தச் சந்தையோட ஊர் ஊரா சுத்துறேன். இன்னும் இதுக்குள்ள போனதே இல்ல. ஏதோ டக்குன்னு ஒரு சத்தம் வரும்னு பேசிக்கிறாங்களே?”

கன்னையா நகர்ந்து அவருக்கு இடம் விட்டான்.

“உக்காருங்கண்ணே, சொல்றேன். வேணும்னா என் கையப் பிடிச்சுக்குங்க.”