ஆடாத சிவப்பு விளக்கு

கரடியூர் பஸ் அந்த வளைவில் என்னை இறக்கிவிட்டபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் பங்களாவின் கேட்டைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். ஐப்பசி மூட்டம் அப்படி இறங்கியிருந்தது. காப்பிச் செடிகளுக்குள் தண்ணீர் சொட்டும் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. ஏற்காட்டில் எங்களுக்கு ரேடியோ ரிப்பேர் கடை. என் வீட்டுக்காரர் ரஹமத்துல்லா சாமான் வாங்கச் சேலம் போயிருந்தார். ஒயரை ஈயத்தால் பற்றவைக்கவும் மீட்டர் பார்க்கவும் எனக்கும் தெரியும் என்பதால் நானே பையைத் தூக்கிக்கொண்டு போனேன். இது ராத்திரியில் நடந்த கதை இல்லை, கண்ணுங்களா. பட்டப்பகலில் நடந்தது. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்குப் பிடித்துக்கொள்ள நல்ல கை எதுவும் கிடைக்கவில்லை.

கதவைத் திறந்தவள் சமையல்காரி பொன்னாயி.

"ஏனுங்க ஜரீனாக்கா, நீங்களாச்சும் அந்த ரயிலுக்கு ஒரு வழி பண்ணுங்க. நாலு நாளா ஐயா சோத்தத் தொடலீங்க. நேத்து என்னைய நிக்க வெச்சுக் கேக்கறாரு, சுரங்கத்துக்குள்ள எலி போச்சான்னு. டிக்கெட்டு எடுக்காம எலிய உள்ள உடுவனா நானு?"

ஐயா என்று அவள் சொன்னது ஐயாக்கண்ணுவை. ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர். இரண்டு வருஷத்துக்கு முன் தனியாக மலைக்கு வந்தவர்.

கூடம் முழுக்க ஒரே மேஜை. அதன்மேல் பொம்மை ரயிலின் விரலகலத் தண்டவாளம் ஒன்று பாலம், ஸ்டேஷன், சுரங்கம் என்று சுற்றி வந்தது. ஓரத்தில் எண் பொத்தான்கள் வைத்த ஒரு மிஷின். தபாலில் புத்தகம் வரவழைத்துப் படித்து அவரே கட்டியது. எஞ்சினின் நம்பரை அழுத்தினால் அந்த எஞ்சின் மட்டும் ஓடும். தண்டவாளத்தை நான்கு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருந்தார். ஒரு பகுதியில் வண்டி நின்றால், வண்டியின் சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்து அந்தப் பகுதியின் விளக்கு எரியும். எரிகிற வரையில் இன்னொரு வண்டியை மிஷின் உள்ளே விடாது.

சுரங்கம் இருந்தது மூன்றாம் பகுதியில். அதற்குள் வண்டி எதுவும் இல்லை.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நாலு நாளா இப்படித்தாம்மா. பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு" என்றார் மேஜையோரம் நின்ற ஐயாக்கண்ணு.

மண்ணெண்ணெய்த் துணியால் தண்டவாளத்தைத் துடைத்தேன். எரிந்தது. இணைப்புகளைப் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். எரிந்தது. இரண்டாம் பகுதி ஒயரையும் மூன்றாம் பகுதி ஒயரையும் மாற்றிச் சொருகினேன். இப்போது இரண்டாம் விளக்கு எரிந்தது. அப்படியென்றால் மிஷின்மேல் குற்றமில்லை, கோளாறு தண்டவாளத்தில்தான். ஒயர்களைப் பழையபடி மாற்றுவதற்குள் கரண்ட் போய் வந்தது. கரண்ட் போனால் அந்த மிஷினுக்கு எல்லாமே மறந்துவிடும். நோட்டைப் பார்த்து இருநூற்றுப் பன்னிரண்டு எண்களை அவர் முதலிலிருந்து அழுத்த வேண்டும். நூற்றெண்பதாவதில் விரல் தவறியது.

"சனியனே!" என்று மேஜையில் அறைந்தார். பாலம் சரிந்து விழுந்தது. நானே நிமிர்த்தி வைத்தேன். எனக்கும் எரிச்சல்தான். கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

சுரங்கம் கம்பிவலைமேல் சாந்து பூசியது. வலை தண்டவாளத்தைத் தொடுகிறதோ என்று அதைத் தூக்கி எடுத்தேன்.

விளக்கு அணைந்தது.

"வலைதானுங்க!" என்று சிரித்தேன். வலைக்குப் பதிலாக அங்கிருந்த அட்டைப்பெட்டி ஒன்றை இரண்டு பக்கமும் வெட்டிக் கவிழ்த்தேன். அட்டையில் கரண்ட் பாயாது.

விளக்கு எரிந்தது.

எடுத்தேன், அணைந்தது. கவிழ்த்தேன், எரிந்தது.

மூன்றாம் பகுதியின் ஒயர்களையே கழற்றிவிட்டு, மீட்டரின் இரண்டு முனைகளையும் இரண்டு தண்டவாளத்திலும் வைத்தேன். இடையில் எதுவும் இல்லாவிட்டால் முள் இடப்பக்கமே கிடக்கும். இரும்போடு இரும்பு தொட்டால் வலக்கோடிக்குப் போய் நிற்கும்.

வலக்கோடிக்குப் போய் நின்றது.

"ஈரம்தானேம்மா?" அவர் குரல் கெஞ்சியது. "மழையில ஜல்லி நனைஞ்சா விளக்கு தப்பா எரியும். அதை நிரூபிக்கத்தான் இவ்வளவும் கட்டினேன். ஈரம்தானே?"

"ஈரமுன்னா முள்ளு நடுங்குமுங்க. வெளக்கும் நடுங்கும். இது ஆடவே இல்லீங்களே. குறுக்கால இரும்பு கெடக்கற மாதிரியில்ல நிக்குது."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

நான் பெட்டியின் வாய்க்குள் கையை விட்டேன்.

குளிர்ந்த இரும்பு. என் பிடியளவுத் தடிமன். மழையில் கிடந்ததுபோல நனைந்திருந்தது. அந்தப் பெட்டியின் அகலமே ஒரு சாண்தான். கம்பியின் முனை எங்கே என்று அதன்மேலேயே கையைப் பக்கவாட்டில் நகர்த்திப் போனேன். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. தோள் பெட்டியில் இடித்தது.

முனை வரவில்லை.

கையை உருவிக்கொண்டு பெட்டியைத் தூக்கி எறிந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு தண்டவாளத்தின் மேலும் குறுக்காக ஒரு துருக்கோடு மட்டும். என் உள்ளங்கையிலும் துரு.

"கடப்பாரை" என்றார் மெதுவாக. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"மாதப்பன்னு ஒரு கேங்மேன். லைன்ல பாறை விழுந்திருந்தது. சிக்னல் சிவப்பாகட்டும்னு கடப்பாரையைக் குறுக்க வெச்சான். என் ரூம்ல விளக்கு எரிஞ்சது. மழை ஈரம்னு சொல்லி எஞ்சினை அனுப்பிட்டேன். அவன் கையை ஆட்டிக்கிட்டே எதிர்ல ஓடி வந்தானாம். எஞ்சின் நிக்கலை."

"ஈரமுன்னு நெனச்சுட்டீங்க..."

"விளக்கு ஆடலைம்மா. ஆடாததைப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன். ஏற்கெனவே லேட்டு." அவர் என்னைப் பார்க்கவில்லை. "கடப்பாரையை எடுத்துப் புதருக்குள்ள போட்டதும் நான்தான். குடிச்சிட்டு லைன்ல கிடந்தான்னு எழுதினாங்க. ஆமான்னு சொன்னேன்."

வெளியே மூட்டம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. கூடத்தில் நனைந்த இரும்பு நாற்றம் ஏறிக்கொண்டே வந்தது.

"உங்க கடைச் சீட்டுல ஈரம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடும்மா. இத்தனை வருஷமா என் வாயால மட்டும்தான் சொல்லிட்டிருக்கேன். இன்னொருத்தர் கையால எழுதினது ஒண்ணு இருந்தா தூங்கிடுவேன்."

"வேண்டாமுங்க..."

"உன் காலைப் பிடிச்சுக்கறேன்."

நிஜமாகவே குனிந்தார். அப்பன் வயசுள்ள மனுஷன். எனக்கு அந்தக் கூடத்தைவிட்டு ஓடினால் போதும் என்றிருந்தது. துரு படிந்த கையாலேயே எழுதினேன். கோளாறு: ஈரக்கசிவு. இப்படிக்கு, ஜரீனா.

எழுதி முடித்ததும் கரண்ட் போனது.

மிஷினின் எண்கள் அணைந்தன. கூடத்து பல்பு அணைந்தது. பொன்னாயி அடுப்படியிலிருந்து, "போச்சு, ஐயாவுக்கு மறுபடி இருநூறு எண்ணு" என்று முணுமுணுத்தாள்.

மூன்றாம் விளக்கு எரிந்தது.

கரண்ட் இல்லை. ஒயர் இல்லை. பெட்டியும் இல்லை.

அது ஆடவில்லை.

கேட்டைத் தாண்டி ஓடும்போது பின்னால் ஒரே ஒரு முறை கேட்டது. இரும்பின்மேல் இரும்பை வைக்கிற சத்தம். போடுகிற சத்தம் இல்லை. பார்த்து, பதனமாக, வைக்கிற சத்தம்.

மறுநாள் பொன்னாயி கடைக்கு வந்து சொன்னாள். "ஐயா மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டாருங்க. பெட்டி படுக்கை எதுவும் எடுக்கலீங்க. நீங்க குடுத்த சீட்ட மட்டும் சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. நல்லாத் தூங்கினேன்னு சிரிச்சாருங்க."

அவர் தூங்கிவிட்டார், கண்ணுங்களா. யாரோ அவரை விட்டுவிட்டார்கள்.

அந்த மீட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெயில் நாளில் ஒழுங்காக வேலை செய்யும். ஐப்பசி பிறந்து மூட்டம் இறங்கினால், முனைகளை ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனியாகப் பிடித்தாலும் முள் வலக்கோடிக்குப் போய் நிற்கும். நான் எழுதியது பொய், அங்கே கிடந்தது ஈரமில்லை, மாதப்பன் குடித்துவிட்டுக் கிடக்கவில்லை என்று ஒரு நாள் எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். இன்று இந்தக் கதையாக எழுதிவிட்டேன். எழுதிய கையோடு மீட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். முனைகளைச் சொருகக்கூட இல்லை.

முள் வலக்கோடியில் ஆடாமல் நிற்கிறது. என் உள்ளங்கையில் துரு.