பூட்டு முழித்ததும் சொன்ன முதல் எண்

போன் அலறியது...

நாச்சியப்பன் திடுக்கிட்டார். அது அவருடைய போன் இல்லை. அவருடையது வெளியே மேஜை மேல் கிடந்தது. ஸ்ட்ராங் ரூமுக்குள் யாரும் போன் எடுத்துப் போகக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

கும்மிருட்டு!

புதுக்கோட்டையில் இன்று மாதாந்திர மின்தடை. திருமயம் சாலையில் இருந்த அவருடைய எலக்ட்ரானிக் பூட்டுக் கம்பெனிக்கும் லீவு. நாளை கறம்பக்குடிக்குப் போகவேண்டிய கதவைச் சோதனைக்காக இந்த ஸ்ட்ராங் ரூமில் மாட்டியிருந்தார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே நுழைந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

சத்தம் வந்த பக்கம் தடவினார். அலமாரியில் ஒரு பட்டன் போன்.

"அலோ... யாரு?"

"புவனேஸ்வரிங்க மொதலாளி. செம்மல் சம்சாரம்."

நாச்சியப்பன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

செம்மல் அவருடைய கம்பெனி இன்ஜினியர். பூட்டுக்குள் இருக்கும் குட்டி கம்ப்யூட்டருக்குக் கெர்னல் என்கிற அடிப்படைப் புரோகிராமை எழுதியவன். கம்ப்யூட்டரில் மற்ற புரோகிராம்களுக்கு எது வேண்டுமானாலும் கெர்னலிடம்தான் கை நீட்ட வேண்டும். பூட்டைத் திறக்கும் எண்ணையும் சேர்த்துத்தான். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓர் எண். அது சொந்தக்காரர் போனுக்கு மட்டும் போகும்.

போன வருஷம் அறந்தாங்கியில் ஒரு லாக்கர் நிலையத்தில், மின்தடை முடிந்து கரண்ட் வந்த கையோடு எவனோ சரியான எண்ணை அடித்துத் திறந்துவிட்டான். துபாயிலும் மஸ்கட்டிலும் வெயிலில் வெந்தவர்கள் வீட்டு நகையெல்லாம் போச்சு. கெர்னல் எழுதினவனுக்குத்தான் எண் தெரியும் என்று செம்மலை உள்ளே தள்ளினார்கள். ஜாமீனில் வந்தவன் ஊர் ஏச்சு தாங்காமல் உயிரை விட்டான்.

"வெளையாடாதம்மா. கதவைத் தொற."

"தொறக்கத்தான் வந்திருக்கேன். ஜெனரேட்டர் போட்டாச்சு, கேக்குதா? பூட்டு இப்பத்தான் முழிச்சிருக்கு. நம்பர் சொல்லுங்க, அடிக்கிறேன்."

"நம்பர் என் போனுக்கு வந்திருக்கும். மேஜையில பாரு."

"அதைக் கெணத்துல போட்டுட்டேனே..."

"ஐயனார்! டேய் ஐயனார்!"

"வாட்ச்மேன் அண்ணனை டீ குடிக்க அனுப்பியாச்சு. கத்தாதீங்க. காத்துப் புகாத ரூமுன்னு நோட்டீஸ் அடிச்சது நீங்கதானே? மெதுவா மூச்சு விடுங்க."

நாச்சியப்பன் சட்டைப் பட்டனை அவிழ்த்தார். வியர்வை கண்ணில் இறங்கியது.

"எனக்கு எப்படிம்மா நம்பர் தெரியும்?"

"கோர்ட்டுலயும் இதேதான் சொன்னீங்க. கெர்னலா, எனக்கு என்னங்க தெரியும், நான் ரிப்பன் வெட்டுற ஆளுன்னு."

"ஆமா. அதான் நெசம்."

"எங்க வீட்டுக்காரர் தலைபாடா அடிச்சிக்கிட்டாரு. யாரும் யூகிக்க முடியாத நம்பர் குடுக்க கெர்னல்ல ஒரே ஒரு வழி போதும்னாரு. மெதுவான வழி. கரண்ட் வந்ததும் கொஞ்சம் பொறுத்து, சூடு, பட்டன் அமுக்குற வேகம்னு நாலு எடத்துலேர்ந்து சேத்து, அப்புறம்தான் நம்பர் குடுக்கும். நீங்க ஏன் கேக்கல?"

"எந்தக் கஸ்டமர்மா காத்திருப்பான்? கரண்ட் வந்தும் கதவு தொறக்கலைன்னு தெனம் போனு. ரகசியத்துக்கு மெதுவானது, மத்ததுக்கு வேகமானது, ரெண்டும் இருக்கட்டும், வேணுங்கிறதை எடுத்துக்கலாம்னேன். பெரிய பெரிய சிஸ்டத்துலயே ரெண்டு வச்சிருந்தாங்க. அதுல என்ன தப்பு?"

ரிப்பன் வெட்டுகிற ஆள் கெர்னலைப் பற்றி நன்றாகவே பேசினார்.

"தப்பு இதுதான் மொதலாளி. வேகமான வழி எதையும் சேக்காம ஒடனே நம்பரை நீட்டும். அதனால ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வந்தப்பவும் எல்லாப் பூட்டுலயும் மொத நம்பர் ஒண்ணேதான். ரெண்டு வச்சா அவசரக்காரங்க தப்பானதைத்தான் எடுப்பாங்கன்னு அவரு சொன்னாரு. நீங்க எடுத்தீங்க. பூட்டுக்கும் அதையே வச்சீங்க."

நாச்சியப்பன் இருட்டில் கதவைத் தடவித் தள்ளிப் பார்த்தார்.

"அந்த மொத நம்பர் ஒங்களுக்குத் தெரியாதுன்னா சரி. நான் வீட்டுக்குப் போறேன்."

"புவனா... தங்கச்சி... இரும்மா!"

"தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்றால் சாவு. தெரியும் என்றால் ஜெயில். நாச்சியப்பன் வியாபாரி. கணக்குப் போட நேரம் ஆகவில்லை.

"ஏழு... மூணு... சைபர்... ஒம்பது... ஒண்ணு... நாலு..."

"அடிச்சாச்சு."

"தொற!"

"செவப்பு லைட்டுதான் எரியுது. மறந்தே போச்சு மொதலாளி... இந்தப் பூட்டுல அவரு மொதல்ல எழுதின கெர்னலைப் போட்டுட்டேன். ஒரே வழி. மெதுவான வழி. காத்திருங்க. அவரு ஜெயில்ல காத்திருந்தாரே, அது மாதிரி."

நாச்சியப்பன் சுவரோடு சரிந்தார். மூச்சு முட்டியது. நிஜமாகவே முட்டியது.

"நகையைத் திருப்பித் தந்துர்றேன்... எல்லாத்தையும்... நான்தான் எடுத்தேன்... ஒன் புருசன் மேல பழி போட்டதும் நான்தான்..."

"எங்கிட்டு வச்சிருக்கீங்க?"

"எங்க பழைய வீட்டுல... கல்யாணப் பாத்திரம் அடுக்கின ரூம்ல... கவுத்து வச்ச பெரிய அண்டாவுக்குக் கீழ..."

போன் அணைந்தது.

"அலோ... அலோ... புவனா!"

இருட்டு. அமைதி. நாச்சியப்பன் அழ ஆரம்பித்தார். ஊரார் நகையைத் தூக்கியபோது வராத அழுகை.

கிரீச்...

கதவு திறந்தது. வெளிச்சத்தில் ஒரு காக்கிச் சட்டை. இன்ஸ்பெக்டர் பிரகதீஸ்வரி! அவர் கையில் நாச்சியப்பனின் போன், ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். பக்கத்தில் புவனேஸ்வரி.

"நம்பர்... சரியா இருந்துச்சா?" என்றார் நாச்சியப்பன், இன்னும் புரியாமல்.

"பூட்டுக்கு ஒயரே குடுக்கலைங்க. நான்தான் வெளியில கொண்டி போட்டிருந்தேன்," என்றாள் புவனேஸ்வரி.

"காத்து...?"

"தலைக்கு மேல ஏசிக்கு விட்ட ஓட்டையில அட்டைதான் சொருகியிருக்கு. எவ்வளவு காத்து வேணும்?"

நாச்சியப்பனுக்கு மெல்ல மெல்லத் தெம்பு வந்தது. வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"மெரட்டி வாங்குன வாக்குமூலம். கோர்ட்டுல நிக்காது மேடம்."

"நிக்காதுதான். ஆனா அண்டாவுக்குக் கீழ நகை இருந்தா, அது நிக்கும். அங்கிட்டு ஆள் போயாச்சு. அறந்தாங்கியில அடிச்ச நம்பர் எங்க ஃபைலைத் தாண்டி வெளிய போகல. ஒங்க வாயில எப்படி வந்துச்சு?"

நாச்சியப்பன் அவிழ்த்த சட்டைப் பட்டனைப் போட ஆரம்பித்தார்.

புவனேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் இல்லை.

"அவசரப்பட்டுத் தொறந்துட்டீங்கம்மா," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "இன்னும் கொஞ்சம் அழவிட்டிருக்கலாம். எனக்கு ஆத்திரம் அடங்கல."

"அதுக்குத்தான் ஜெயில் இருக்கு."

ஜீப்பில் ஏறும்போது நாச்சியப்பன் தயங்கினார். "மேடம்... ஜெயில் ரூமு... எப்படி இருக்கும்?"

பிரகதீஸ்வரி கதவைச் சாத்தினார்.

"ஒங்க கம்பெனிச் சரக்கு இல்ல, பயப்படாதீங்க. திண்டுக்கல் பூட்டு. கரண்ட் போனாலும் வந்தாலும் தூங்கிக்கிட்டே இருக்கும்!"