வண்டிக்கு ஒரு குறையும் இல்லை

சத்தியநேசன் வேலைக்குச் சேர வந்த அன்று காலை எட்டு மணிக்கே கோட்டைத் தெருவில் வெயில் ஏறிவிட்டது. மார்த்தாண்டத்துப் பக்கத்து ஆள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றான். என் கணவர் நீலகண்டன் கோர்ட்டுக்குப் போகும் கறுப்புக் கோட்டோடு வந்து கார் ஷெட் சாவியை அவன் கையில் போட்டார்.

"பழைய வண்டி. கரி அடுப்பு மூட்டணும், அப்புறம் முன்னால ஹாண்டில் போட்டுச் சுத்திக் கிளப்பணும். கால் மணி ஆகும். சீக்கிரம்."

யுத்த காலம் அது. பெட்ரோலுக்கு ரேஷன். அதனால் வண்டியின் முதுகில் ஆள் உயர இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதில் கரி கனன்று வரும் வாயுவில்தான் வண்டி ஓடும்.

நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். ஷெட் கதவு கிரீச்சிட்டது. பிறகு எஞ்சினை மூடிய பானட்டின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டு.

தொப். தொப்.

உடனே வண்டி உறுமிக் கிளம்பியது.

ஹாண்டில் போடுமுன் அப்படி இரண்டு முறை தட்டுவது தங்கையனின் வழக்கம். தங்கையன் செத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

வெளியே போனேன். சத்தியநேசன் ஹாண்டிலைப் பிடித்தபடி வெளிறி நின்றான்.

"நீ பானட்டைத் தட்டினயா?"

"இல்லம்மா. நான் அடுப்பும் பத்த வைக்கல்ல. பாக்கப் போனேன், உள்ள கனலு கெடக்கு."

பதினாறு நாளாகப் பூட்டிக் கிடந்த வண்டி.

என் கணவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தயா பாகீரதி? பதினேழு வருஷ வண்டி, பாதிச் சுத்துல கிளம்பறது. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. அந்தத் தங்கையன் கைதான் சரியில்லைன்னு நான் தலைதலையா அடிச்சுண்டேனே, யாராவது கேட்டேளா?"

"செத்தவனையாவது விட்டுடுங்கோ," என்றேன்.

அவர் விடவில்லை. விடுகிற மனுஷனும் அல்ல. இந்தத் தெருவில் முதலில் கார் வாங்கியவர் அவர்தான். அந்தப் பெருமை அந்த வண்டியோடு சேர்ந்து துருப்பிடித்துக் கிடந்தது. கரமனைப் பாலத்தில் நின்றாலும் சரி, நெடுமங்காட்டு ஏற்றத்தில் நின்றாலும் சரி, குற்றம் தங்கையனுடையது. கரி அடுப்பு வந்த பிறகு அவனுக்குத் தினமும் தலைவலி. என் காதுபடவே கெஞ்சினான்.

"சாமி, பின்னால தகடு விட்டுப் போச்சு. புகை உள்ள வருகு. மண்டை வெடிக்கு. இந்த வண்டிய மாத்துங்க சாமி, இது ஆளக் கொல்லும்."

"கொல்லாது. உன் கை சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும்."

அதற்கு மறுவாரம்தான் மலையடிவாரத்துக் கல்லாற்றுக்குப் போனார்கள். மலைமேல் எஸ்டேட் துரைக்கு என் கணவர்தான் வக்கீல். கரி வண்டி மலை ஏறாது. துரை தன் வண்டியைக் கீழே அனுப்பி இவரை மேலே வரவழைத்துக்கொண்டார். எங்கள் வண்டி ஆற்றோரம் ஒரு மாமரத்தடியில் நின்றது. நல்ல மழை. போகும்போது இவர் சொன்னது இதுதான்: "அரை மணியில வரேன். தீ அணையக் கூடாது. வண்டியை விட்டு எறங்காதே."

ஐந்து மணி நேரம் கழித்து வந்தார்.

மழைக்காகப் பக்கத்துக் கான்வாஸ் திரைகளையெல்லாம் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு, தங்கையன் ஸ்டீரிங்கில் தலை சாய்த்திருந்தான். தீ அணையவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் பார்த்தேன். உதடு இரண்டும் வெற்றிலை போட்டவன் மாதிரிச் சிவந்திருந்தன. தங்கையன் வெற்றிலையே போடமாட்டான். கரிப்புகை ஏறிச் செத்தால் உதடு அப்படிச் சிவக்குமாம்.

"வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. டிரைவரின் அஜாக்கிரதை." போலீசுக்கு என் கணவர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே பற்றி எரிகிறது.

சத்தியநேசன் வந்த பிறகு அந்த வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. காலையில் ஷெட்டைத் திறந்தால் அடுப்பில் கனல் இருக்கும். சாம்பல் வழித்திருக்கும். கண்ணாடி துடைத்திருக்கும். பட்டப்பகலில் ஷெட்டுக்குள் கரிவாசனையும் நனைந்த காக்கித் துணியின் வாசனையும் கலந்து வரும். நடுவே ஓர் இருமல். தங்கையன் அப்படித்தான், சாமிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு இருமுவான்.

"நீ பயப்படலையா?" என்று சத்தியநேசனிடம் கேட்டேன்.

"எனக்க மேல அவருக்குக் கோவம் ஒண்ணும் இல்லம்மா. நான் ஹாண்டில்ல கைய மட்டும் வச்சா மதி. சுத்துதது அவராக்கும்."

அன்று மத்தியானம் தங்கையனின் மனைவி ஜெயபாய் வந்தாள். வேலியோரம் நின்றாள், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. என் கணவர் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன வேணும்? ஏதாவது உதவின்னா பாகீரதிகிட்ட..."

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள். குரல் உயரவில்லை. "ஒரு வாக்கு வேணும். எனக்க மாப்பிள்ளைக்குக் கை சரியில்லன்னு ஊரெல்லாம் சொன்னிய. கடுதாசிலயும் எழுதினிய. அது பொய்யி, வண்டிதான் கேடுன்னு உங்க வாயால ஒரு வாக்கு சொல்லுங்க. மதி."

"அதெப்படிச் சொல்ல முடியும்? வண்டி இப்போ ஜோரா ஓடறதே."

"ஓடும். அவருல்லா ஓட்டுதாரு." அவள் ஷெட்டைப் பார்த்தாள். "செத்த மூணாம் நாளு வீட்டுக்கு வருவாருன்னு வெளக்கு வச்சிட்டு இருந்தேன். வரல்ல. இங்க கெடக்காரு. செத்த பொறவும் அவர விடமாட்டீயளா?"

ஷெட்டுக்குள் தொப், தொப் என்றது.

ஜெயபாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். என் கணவர், "எலி," என்றார்.

அன்றைக்குத்தான் நான் வெடித்தேன்.

"எலியா? ஒரு மனுஷனைக் கொன்னு, செத்தப்புறமும் வேலை வாங்கிண்டிருக்கேள். இனிமே அந்த வண்டி இந்த ஆத்து வாசல்ல நிக்கப்படாது. துரை சீமைக்குப் போறார், தன் காரை விக்கறார்னு நீங்கதானே சொன்னேள்? அதை வாங்குங்கோ. ரேஷன் பெட்ரோல் வாரத்துல ரெண்டு நாளைக்கு வரும், பாக்கி நாள் நடங்கோ. இல்லேன்னா நான் எங்கண்ணா ஆத்துக்குப் போறேன்."

"ஒரு டிரைவருக்காகவா?"

"ஆமாம், ஒரு டிரைவருக்காக."

கடைசியில், பார்ப்பதற்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டார். துரை ஞாயிறு மூன்று மணிக்குத் தன் வண்டியைக் கல்லாற்றுக்கு இறக்கிக் கொண்டுவருவார். இவர் பேச்சை நம்பாமல் நானும் கூடவே ஏறிக்கொண்டேன். சத்தியநேசன் ஓட்டினான்.

வழியெல்லாம் வண்டி வெண்ணெயாய் ஓடியது. விதுரை தாண்டியதும் மழை பிடித்தது. கல்லாற்றுக் கடைகள் தெரிந்தபோது என் கணவர் இருக்கையைத் தடவிக் கொடுத்தார்.

"இத்தனை சுகமா ஓடற வண்டியை எவனாவது கொடுப்பானா? துரைக்கு நான் சொல்லிக்கறேன். சத்தியநேசா, திருப்பு."

வண்டி நின்றது.

இருமல் இல்லை, உதறல் இல்லை. ஆற்றோரம், அதே மாமரத்தடியில், யாரோ பிரேக்கை மெதுவாக மிதித்த மாதிரி நின்றது.

சத்தியநேசன் இறங்கி ஹாண்டில் போட்டான். அசையவில்லை. புகை நெடி என் மண்டைக்கு ஏறியது. "எறங்குங்கோ," என்றேன்.

"மழையில நான் எறங்கணுமா? நீ போ."

நான் இறங்கி டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். திரைகள் எல்லாம் திறந்துதான் கிடந்தன.

டக்.

பின்பக்கத்துத் திரையின் பித்தளைப் பொத்தான் ஒன்று தானாக மாட்டிக்கொண்டது.

டக். டக்.

சத்தியநேசன் வண்டிக்கு முன்னால் நின்றான். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன.

டக். டக். டக்.

பொத்தான்கள் பின்னாலிருந்து முன்னால் வந்தன. இந்தப் பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கம்.

ஓடினேன். திரையில் கண்ணாடி மாதிரித் தைத்திருந்த மைக்காத் துண்டின் வழியே உள்ளே பார்த்தேன். சாம்பல் நிறப் புகை. அதன் நடுவே என் கணவர் தலை சாய்த்துக் கண் மூடியிருந்தார். ஆனால் உள்ளே அவர் குரல் கேட்டது.

"அரை மணியில வரேன். தீ அணையக் கூடாது. வண்டியை விட்டு எறங்காதே."

அவர் வாய் மூடியிருந்தது.

முன் இருக்கையிலிருந்து இன்னொரு குரல், பணிவாக, மிக மெதுவாகச் சொன்னது:

"சரி சாமி."

பொத்தானை இழுத்தேன். நகம் பிய்ந்தது. சத்தியநேசன் கான்வாஸைக் கிழிக்கப் பார்த்தான். நனைந்த கான்வாஸ் தகரம் மாதிரி நின்றது. பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. கோபம்தான் மிஞ்சியது. யார்மேல் என்றுதான் அப்போது தெரியவில்லை.

"தங்கையா," என்றேன். "உன் கையில ஒரு குத்தமும் இல்லை. வண்டிதான் கேடு. அதைவிடக் கேடு இந்த மனுஷன். எல்லாம் தெரிஞ்சும் நான் வாயை மூடிண்டு நின்னேன், அது என் குத்தம். இந்த வண்டியை நான் உடைச்சுப் போடறேன். அந்த வாக்கை அவர் சொல்லணும்னா உயிர் வேணுமே அப்பா. விட்டுடு."

மழைச் சத்தம் மட்டும்.

டக்.

முன்பக்கத்துப் பொத்தான் கழன்றது. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், எல்லாம் கழன்றன.

அவரை இழுத்து ஆற்று மணலில் போட்டோம். மூச்சு இருந்தது. உதடு இரண்டும் வெற்றிலை போட்ட மாதிரிச் சிவந்திருந்தன.

துரையின் வண்டியில்தான் ஊர் திரும்பினார். அந்த வண்டியையே வாங்கினோம். பழையதைச் சாலை பஜாரில் ஓர் இரும்புக் கடையில் போட்டு, கடைசித் தகடு பிரியும்வரை நான் அங்கேயே நின்றேன். கடைக்காரர் சாமான்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஹாண்டிலு மட்டும் வரலியே அம்மா," என்றார்.

என் கணவர் எழுந்து நடமாட ஒரு வாரம் ஆயிற்று. பார்க்க வந்தவர்களிடம் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சத்தியநேசன் திரையை மூடிட்டான். டிரைவரின் அஜாக்கிரதை." நான் கேட்டுக்கொண்டே நின்றேன். உதட்டுச் சிவப்பு மட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை புது வண்டியில் முதல்முறையாகக் கோர்ட்டுக்குக் கிளம்பினார். நல்ல வெயில். பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வண்டி. ஹாண்டில் வேண்டாம், கரி வேண்டாம், பக்கங்களில் திரைக்குப் பதில் கண்ணாடி. பின் இருக்கையில் கறுப்புக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சத்தியநேசன் பொத்தானை அழுத்தினான். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினான்.

"வண்டிக்கு ஒரு குறையும் இல்லை," என்றார் என் கணவர். "உன் கைதான்..."

தொப். தொப்.

சத்தியநேசன் தன் பக்கத்து இருக்கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, என் பக்கமாக வந்து நின்றான். அந்த இருக்கையில் பழைய வண்டியின் ஹாண்டில் கிடந்தது. நனைந்திருந்தது. கரி ஒட்டியிருந்தது.

"சொல்லிடுங்கோ," என்றேன். "ஒரு வாக்குதானே. ஜெயபாய் கேட்டது அதுதானே."

அவர் என்னைப் பார்த்தார். சிவந்த உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார்.

கரி அடுப்பே இல்லாத வண்டிக்குள்ளிருந்து கரிவாசனை வந்தது. ஓட்டுகிறவன் இல்லாமல் எஞ்சின் கிளம்பியது. பின்பக்கத்துக் கண்ணாடியின் கைப்பிடி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு கண்ணாடி மேலே ஏறி மூடிக்கொண்டது. அடுத்தது ஏறியது.

அவர் கதவைத் தள்ளினார். பிறகு கண்ணாடியைத் தட்டினார்.

இந்தத் தடவை நான் தங்கையனிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாக்கு சொல்ல வேண்டியவர் உள்ளேதான் இருந்தார். அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது கண்ணாடி ஏறியது.

உள்ளே யாரோ, வாயைப் பொத்திக்கொண்டு, இருமினார்கள்.