ஜஸ்லாவுக்கு வந்த கூச்சம்

ஜஸ்லாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். வாளியில் தண்ணீரைக் கண்டாலும் கையை விட்டு அளையாமல் போகமாட்டாள். அப்படிப்பட்டவள் மாத்தளையில் நீச்சல் வகுப்பில் சேர்ந்ததும், தடாகத்தின் ஓரத்தில் குந்திக்கொண்டு அழுதாள்.

"என்ன மகள், ஏன் அழுறீங்க?" என்று உம்மா கேட்டார்.

"இந்த உடுப்பு கூசுது உம்மா."

உம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மகளுக்கு வெட்கம்! நேரே கடைக்குப் போய், முழங்கால் வரை இருந்த நீச்சல் உடுப்புக்குப் பதிலாகக் கணுக்கால் வரை வருவதை வாங்கினார்.

அடுத்த வகுப்பிலும் ஜஸ்லா நெளிந்தாள்.

"இன்னும் கூச்சமா மகள்?"

"இது அதவிட கூசுது உம்மா!"

பாவம் உம்மா. மறுபடியும் கடைக்கு ஓடினார். இந்த முறை பாவாடை, தொப்பி எல்லாம் வைத்த உடுப்பு. அதைப் போட்டால் ஜஸ்லாவின் முகமும் கைகால் விரல்களும்தான் வெளியே தெரிந்தன.

உடுப்பு பெரிதாகப் பெரிதாக, உள்ளே தையலும் கூடியது. கழுத்து, அக்குள், இடுப்பு எங்கும் எறும்பு ஊர்வது போல இருந்தது. ஜஸ்லாவின் தோல் அப்படி. மற்றவர்கள் உணராத சின்ன நூல்கூட அவளை முள்ளாகக் குத்தும்.

அன்றைய வகுப்பில், நீச்சல் பழக்கும் சர்மிளா மிஸ் அருகே வந்தார். "ஜஸ்லா, இன்னைக்கும் தண்ணியில எறங்கலன்னா ஒங்க எடத்த வேற புள்ளைக்குக் குடுக்கணும். நெறைய பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

ஜஸ்லா ஏக்கத்தோடு தண்ணீரைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் பாக்கமாட்டாங்க மகள். வெக்கப்படாம எறங்குங்க," என்று உம்மா கெஞ்சினார்.

வெட்கமா? ஜஸ்லா திகைத்துப்போனாள்.

"எனக்கு வெக்கமே இல்ல உம்மா! கூசுது! தோல் கூசுது!"

உம்மாவின் கையை இழுத்து, பின்கழுத்தில் உடுப்புக்குள் விட்டாள். முரட்டுத் தையல் விரலை உரசியது. அதன் பக்கத்தில் விறைப்பான லேபல் வேறு.

"யா அல்லாஹ்! இதத்தானா சொன்னீங்க? நான் மூடி மூடியே வாங்கிட்டேனே!" உம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இப்ப கடைக்குப் போகவும் நேரமில்லையே."

ஜஸ்லா உடுப்பின் வெளிப்பக்கத்தைத் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. குத்துவதெல்லாம் உள்பக்கம்தான். அவள் முகம் மலர்ந்தது.

"உம்மா, அப்ப உள்ளுக்கு இருக்கிறத வெளிய போட்டா?"

பதிலுக்கு நிற்காமல் உடுப்பு மாற்றும் அறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது தையலும் நூலும் லேபலும் வெளியே ஜோராகத் தெரிந்தன.

"மிஸ்! ஜஸ்லா உடுப்ப பொரட்டிப் போட்டிருக்கா!" என்று தண்ணீரில் நின்ற கிஷாந்த் கெக்கெக்கென்று சிரித்தான்.

"தெரியும்! வேணும்னுதான் பொரட்டினேன்!"

தொபீர்!

தண்ணீர் அவளை அப்படியே அணைத்துக்கொண்டது. குத்தவில்லை. ஊரவில்லை. தண்ணீர் மட்டும்தான்! ஜஸ்லா மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தாள். சிரித்த கிஷாந்தின் முகத்தில் தண்ணீர் தெறித்தது. நடுவில் நிற்கவில்லை. அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினாள்.

"மாஷா அல்லாஹ்! அது எண்ட மகள்!" உம்மா போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சர்மிளா மிஸ் கை தட்டினார். "இந்த எடம் ஒங்களுக்குத்தான் ஜஸ்லா! வகுப்பு முடிஞ்சிருச்சு, ஏறி வாங்க!"

"இன்னும் ஒரே ஒருக்கா மிஸ்!" என்று கத்திய ஜஸ்லா, சுவரை உதைத்துக்கொண்டு புறப்பட்டாள்.